ஹோமரின் கடலை நகலெடுக்கத் தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

நீர்வண்ணம் கற்க விரும்புகிறேன் என்று யாரிடம் சொன்னாலும், ஒரு பெரிய ஓவியரின் படத்தை எடுத்து அப்படியே நகலெடுத்துப் பாருங்கள் என்பார்கள். அந்த அறிவுரையில் எனக்குக் குறை எதுவும் இல்லை. இன்றைக்கும் அதையேதான் நானும் பிறருக்குச் சொல்வேன். ஆனால் எந்தத் தாளில், எந்த அளவில், எதைப் பார்த்து, எந்த வரிசையில் நகலெடுப்பது என்பதைச் சொல்ல எனக்கு அப்போது யாரும் இல்லை. அதன் விலையாக ஏறக்குறைய 16,000 ரூபாயும் ஓராண்டின் பெரும்பகுதி இரவுகளும் போயின. பணத்தைவிட, என் கைக்கு இந்தக் கலை வராது என்று நான் நம்பியிருந்த அந்த மாதங்கள்தான் இப்போதும் வலிக்கின்றன. அதே வழியில் வருகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான் சென்னையில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு சாப்பாட்டு மேசையில் வரைவதுதான் என் வழக்கம். பென்சில் ஓவியம் ஓரளவு பழகியிருந்தேன். கடலை வரைய வேண்டும் என்ற ஆசையில் தேடிக்கொண்டிருந்தபோது அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமரின் நீர்வண்ணப் படங்கள் கண்ணில் பட்டன. 1836-இல் பாஸ்டனில் பிறந்து 1910-இல் மறைந்த அவருக்கு, நீர்வண்ணத்தில் முதல் அறிமுகம் அவருடைய தாயாரிடமிருந்தே வந்திருக்க வேண்டும். அந்த அம்மையார் பொழுதுபோக்காக நீர்வண்ணம் தீட்டியவர். இளவயதில் லித்தோ அச்சகத்தில் பயிற்சியாளராக இருந்து, பிறகு பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து பிழைத்தவர் ஹோமர். 1873-இல் மாசசூசெட்ஸின் கிளௌசெஸ்டர் துறைமுகத்தில் சிறுவர்களையும் படகுகளையும் நீர்வண்ணத்தில் தீட்டத் தொடங்கினார். 1881, 1882 ஆண்டுகளில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் கல்லர்கோட்ஸ் என்ற மீனவக் கிராமத்தில் தங்கினார். பின்னர் மெய்ன் மாநிலத்தின் பாறைக் கரையில் குடியேறினார். பஹாமாஸ் தீவுகளுக்கு 1884-85 குளிர்காலத்தில் ஒரு முறையும் 1898-99 குளிர்காலத்தில் மறுமுறையும் சென்று வந்தார். அந்த இரண்டாம் பயணத்தின் படங்களில் ஒன்றுதான் நான் நகலெடுக்கத் தேர்ந்துகொண்ட ‘ஸ்லூப், நசாவ்’, 1899-ஆம் ஆண்டுப் படம்.

ஒற்றைப் பாய்மரம் கொண்ட சிறு படகு அது. பாய் காற்றின்றித் தளர்ந்து மடிந்து கிடக்கிறது. அந்தப் பாயின் வெண்மை முழுவதும் வண்ணம் தொடாத தாள்தான். மடிப்புகளில் மட்டும் நீலச் சாம்பல் நிழல். கீழே வெப்பமண்டலக் கடலுக்கே உரிய நீலப்பச்சை. படகில் இருக்கும் மனிதர்கள் சில தொடுதல்களிலேயே முடிந்துவிடுகிறார்கள். இது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தின் சேகரிப்பில் உள்ளது. காப்புரிமை இல்லாத படைப்புகளின் உருவங்களை 2017 பிப்ரவரி முதல் அந்தக் கலைக்கூடம் எவரும் எப்படியும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஆகவே பெரிய அளவுப் படக்கோப்பை ஒரு காசு செலவில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். நீர்வண்ணப் படங்கள் வெளிச்சத்தில் வெளிறக்கூடியவை என்பதால் கலைக்கூடங்கள் அவற்றை அரிதாகத்தான் காட்சிக்கு வைக்கும். நியூயார்க்கில் இருப்பவருக்கும் இந்தப் படத்தைப் பார்க்க நெடுநாள் காத்திருக்க நேரலாம் என்பதால், திரையைப் பார்த்து நகலெடுக்கும் நம் நிலைமை ஒன்றும் அவ்வளவு தாழ்ந்ததல்ல.

என் துன்பம் தாளில் தொடங்கியது. நகரில் ஓவியப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில், முழுக்கப் பருத்தியால் ஆன 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) வெளிநாட்டுத் தாள் ஒரு கட்டு தள்ளுபடியில் கிடந்தது. முழு ஷீட் ஒன்று 600 ரூபாய்க்குக் குறையாமல் விற்கும் வகை. பத்து ஷீட்டையும் சேர்த்து 4,200 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார்கள். “அண்ணா, இது புதுச் சரக்குதானே?” என்று கேட்டேன். “கம்பெனித் தாள் மேடம், எத்தனை வருஷம் வெச்சாலும் ஒண்ணும் ஆகாது” என்றார் கடைக்காரர். பார்வைக்கும் அது குறையற்ற தாளாகவே இருந்தது. வெள்ளை மாறவில்லை, ஓரம் மடங்கவில்லை, கையில் தடவினால் நல்ல சொரசொரப்பு. வானத்துக்கான முதல் வாஷை, அதாவது நீர்த்த நிறத்தின் பரந்த பூச்சை, ஒரு பெரிய பிரஷால் இழுத்தபோதுதான் அதன் உண்மை நிலை தெரிந்தது. நிறம் பரவாமல் விழுந்த இடத்திலேயே உள்ளே இறங்கியது. சில நொடிகளில் வானம் முழுவதும் மிளகளவிலும் காசளவிலும் அடர்ந்த புள்ளிகள் தோன்றின. ஈரத்துணியால் ஒற்றினால் நிறம் எழுவதற்குப் பதிலாகத் தாளின் நார் எழுந்துவந்தது.

நான் என் கையைத்தான் நொந்துகொண்டேன். வாஷ் இழுக்கத் தெரியவில்லை, பிரஷில் தண்ணீர் அதிகம், தண்ணீர் குறைவு, பலகையின் சாய்வு சரியில்லை என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து இரவிரவாகத் தாளைத் தீர்த்தேன். அந்தக் கட்டு பாதிக்கு மேல் தீர்ந்தபோது பிரஷ்களைக் கழுவிப் பெட்டியில் போட்டு பரண்மேல் ஏற்றிவிட்டேன். வீட்டில் “ஏன் இப்போதெல்லாம் வரைவதில்லை?” என்று கேட்டபோது நேரமில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். அவ்வளவு பணத்தைச் செலவழித்துவிட்டு எனக்கு வரவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஒருநாள் இரவு சமையலறையில் தனியாக நின்று அழுதேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நடந்தது இதுதான் என்று பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். நீர்வண்ணத் தாளில் சைஸிங் என்ற ஒரு பசை சேர்க்கப்படுகிறது. சில தாள்களில் கூழோடு கலப்பார்கள். நல்ல தாள்களில் மேற்பரப்பிலும் ஜெலட்டினால் ஒரு பூச்சு கொடுப்பார்கள். தண்ணீரை உடனே உறிஞ்சிவிடாமல் தாளின் மேல் சற்று நேரம் நிற்க வைப்பது அந்தப் பசைதான். அது நின்றால்தான் நிறம் பரவும், கலக்கும், காய்ந்த பிறகும் தேவையான இடத்தில் ஒற்றி எடுக்க வரும். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த இடத்தில் தாளை நெடுங்காலம் வைத்திருந்தால் இந்தப் பசை அங்கங்கே சிதைந்துவிடும். உலர்ந்த தாளைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. நிறம் பட்ட பிறகுதான் புள்ளிபுள்ளியாக வெளிப்படும். கடற்கரை நகரங்களில் இருக்கும் நமக்கு இது எப்போதும் உள்ள ஆபத்து. தள்ளுபடியில் கிடைக்கும் பழைய சரக்கில் இன்னும் அதிகம்.

ஆகவே கடையிலிருந்து கட்டு கட்டாக வாங்கும் முன் ஒரே ஒரு ஷீட் வாங்கி வந்து சோதியுங்கள். மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது இரண்டு மூன்று நிமிடமாவது முத்தாக நிற்க வேண்டும். உடனே பரந்து உள்ளே இறங்கினால் பசை போய்விட்டது என்று பொருள். நாக்கின் நுனியால் மூலையைத் தொட்டுப் பார்ப்பது இன்னொரு வழி. பசை கெட்ட தாள் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். இவற்றைவிட நம்பகமானது, பெரிய பிரஷால் வெளிறிய நீலத்தை ஷீட்டின் குறுக்கே ஒரு பட்டையாக இழுத்துப் பார்ப்பது. வாங்கிய தாளை நல்ல பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் மூடி, இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். ஓராண்டில் தீட்டி முடிக்கக்கூடிய அளவுக்கு மேல் வாங்க வேண்டாம். ஜெலட்டின் விலங்குகளிடமிருந்து வருவது என்பதால் அதைத் தவிர்க்க விரும்புபவர்கள், அது கலக்காத தாள் என்று உறையில் அச்சிட்டவற்றைக் கேட்டு வாங்கலாம். கெட்டுப்போன தாளை எறிய வேண்டியதில்லை. கரித்துண்டுக்கும் பேஸ்டலுக்கும் அது நன்றாகவே உதவும். என்னிடம் மிஞ்சியவை அப்படித்தான் செலவாகின்றன.

இந்த உண்மை தெரியும் முன்பே இன்னொரு பெரிய தொகையையும் கொடுத்திருந்தேன். கை சரியில்லை என்ற எண்ணத்தில் 6,500 ரூபாய் கட்டி இணையவழி வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். பாயின் வெண்மையைக் காக்க மாஸ்கிங் திரவத்தைப் பூசிவிட்டு வானத்தைத் தீட்டச் சொன்னார்கள். பூசியதை எவ்வளவு நேரத்துக்குள் எடுக்க வேண்டும், வெயில் காலத்தில் என்ன ஆகும் என்ற கேள்விகளுக்குப் பதில் வரவில்லை. அது ரப்பர் பால் கலந்த திரவம். வெப்பத்தில் நாள்கணக்கில் விட்டால் தாளோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் ஒரு வார இறுதியிலிருந்து அடுத்த வார இறுதிவரை அப்படியே இருந்த திரவத்தை உரித்தபோது பாயின் விளிம்பிலிருந்து தாளின் தோலும் சேர்ந்து வந்தது. இந்தத் திரவத்தைப் பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால், பூசிய அன்றே தீட்டி, நிறம் முழுக்கக் காய்ந்ததும் அன்றே உரித்துவிடுங்கள். சூடான காற்றுக் கருவியை அதன் மேல் காட்டாதீர்கள். ஆனால் இந்தப் படத்துக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து. பாய் பெரியது, அதன் விளிம்பு எளிமையானது. நிதானமாகப் பிரஷை விளிம்போடு ஓட்டினால் போதும், அப்படிக் கிடைக்கும் விளிம்பில் கையின் உயிரும் இருக்கும்.

அடுத்த இழப்பு சிறியது. ஆனால் அதிக நாள் குழப்பியது. திரையைப் பார்த்துத் தீட்டினால் கண் வலிக்கிறது என்று ஓர் அச்சுக் கடையில் அந்தப் படத்தை வண்ணத்தில் பெரிதாக எடுத்தேன். 900 ரூபாய். வந்த அச்சில் கடல் கிளிப்பச்சையாக இருந்தது. அந்த அச்சைப் பார்த்துக் கலந்த நிறமும் திரையில் இருந்த நிறமும் ஒரே படத்துக்குரியவையாக இல்லை. போதாக்குறைக்கு என் டேப்லெட்டில் இரவானால் தானாகவே மஞ்சளேறும் கண் பாதுகாப்பு வசதி இயங்கிக்கொண்டிருந்தது; மேசைக்கு மேலே இருந்ததும் மஞ்சள் விளக்கு. இரவில் சரியாக இருந்த நிழல் காலையில் ஊதாவாகத் தெரிந்தது. இப்போது நான் செய்வது வேறு. அச்சைக் கறுப்பு வெள்ளையில் மட்டும் எடுக்கிறேன். மூலப்படம் சுமார் 38 செ.மீ. உயரமும் 54 செ.மீ. அகலமும் கொண்டது, ஏ2 தாளில் அச்சிட்டால் உண்மையான அளவு அப்படியே அடங்கிவிடும். வண்ண அச்சைவிடச் செலவு மிகக் குறைவு. கோடுகளையும் வெளிச்ச நிழல் அளவுகளையும் அதைப் பார்த்துக் கற்கலாம். நிறத்துக்கு மட்டும் திரை. மஞ்சள் வசதியை அணைத்து, வெளிச்சத்தை நடுத்தர அளவில் வைத்து, மேசைக்குப் பகல் வெளிச்ச நிறத்தில் ஒரு விளக்கு போட்ட பிறகு காலையின் ஏமாற்றங்கள் நின்றன.

நிறத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிலேயே பல வாரங்கள் கரையும். திரையில் தெரியும் நிறம் ஹோமர் பூசிய நிறமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் காலத்துச் சிவப்பு வண்ணங்கள் சில வெளிச்சத்தில் வெளிறக்கூடியவை. சிகாகோ கலைக்கூடத்தில் உள்ள ‘ஃபார் டு பி எ ஃபார்மர்ஸ் பாய்’ என்ற 1887-ஆம் ஆண்டு நீர்வண்ணப் படத்தில் வானம் இன்று வெளிறிக் கிடக்கிறது. அங்கே முன்பு செவ்வந்தி மாலை இருந்தது என்பதை ஆய்வாளர்கள் எஞ்சிய நிறத் துகள்களைச் சோதித்துக் கண்டறிந்தார்கள். ஆகவே நிறத்தை மயிரிழை பிசகாமல் பொருத்துவதில் உயிரை விடாதீர்கள். வெளிச்சமும் நிழலும் எவ்வளவு தூரம் விலகியிருக்கின்றன என்பதைப் பொருத்துங்கள். எந்த நீலம் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். இன்று மலிவான பெட்டிகளில் கடல் நிறத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் தாலோ நீலம். 1930-களில் சந்தைக்கு வந்தது, ஹோமருக்குக் கிடைத்திராதது. நல்ல நிறம்தான், வெளிச்சத்தையும் தாங்கும். ஆனால் தாளைப் பற்றிக்கொண்டால் விடாது. அலையின் மேல் ஒரு வெளிச்சக் கீற்றை ஈரப் பிரஷால் ஒற்றி எடுக்க நினைத்தால் அது வராது. கோபால்ட் நீலமும் செருலியனும் விரிடியன் பச்சையும் எளிதாக எழுந்துவரும். குழாயின் மேல் பெயரைப் பார்க்காமல் நிறமியின், அதாவது வண்ணத்துக்கு நிறம் தரும் பொருளின், குறியீட்டைப் பாருங்கள்: தாலோ நீலம் பிபி15, கோபால்ட் பிபி28, செருலியன் பிபி35, விரிடியன் பிஜி18. பெயருக்குப் பின்னால் ‘ஹ்யூ’ என்று இருந்தால் அது அந்த நிறமியே இல்லை, அதைப் போல் தோன்றும் கலவை. மூன்று குழாய்கள் இப்படிப் பெயரை நம்பி வாங்கியதில் வீணாயின.

அளவுக்கு வருகிறேன். எல்லாரும் செய்வதைப் போல நானும் சிறிய தாளில், ஏ5 அளவில், தொடங்கினேன். தாள் மிச்சம் என்பது அதன் காரணம். ஆனால் 54 செ.மீ. அகலப் படத்தில் ஹோமர் ஒரே இழுப்பில் போட்ட அலைக்கோடு, ஏ5 தாளில் பென்சில் முனையளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதை வரைய மிகச் சிறிய பிரஷை எடுக்க வேண்டியிருக்கும். சிறிய பிரஷில் தண்ணீர் நிற்காது. தண்ணீர் இல்லாமல் கற்பது நீர்வண்ணம் ஆகாது. படத்தைச் சுருக்கினால் அந்த ஓவியரின் கையசைவு தொலைந்துவிடுகிறது என்பது நெடுநாள் கழித்தே புரிந்தது. அதன் பிறகு கண்டுபிடித்த வழி இது. படம் முழுவதையும் எடுக்காமல், அதில் ஓர் உள்ளங்கை அளவுப் பகுதியை உண்மையான அளவிலேயே எடுத்துக்கொள்வது. பாயின் விளிம்பும் வானமும் சந்திக்கும் ஒரு துண்டு, படகின் கரிய உடலும் தண்ணீரும் சந்திக்கும் ஒரு துண்டு, வெறும் தண்ணீர் ஒரு துண்டு. முழு ஷீட் 56-க்கு 76 செ.மீ.; அதில் பாதியான 38-க்கு 56 செ.மீ. ஏறக்குறைய ஹோமரின் தாள் அளவு. அந்த அரை ஷீட்டை வெட்டினால் இப்படிப் பயிற்சிக்கு 12 துண்டுகள் கிடைக்கும். ஒரு துண்டின் விலை 25 ரூபாய்தான். வீணானாலும் மனம் துவளாது, அதனால் கையும் தயங்காது. இந்தத் துண்டுகளை வரையத் தொடங்கிய பிறகுதான் பரணிலிருந்து இறங்கிய பெட்டி மறுபடி மேலே போகவில்லை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானதை இனிச் சொல்கிறேன். படத்தை நகலெடுப்பது என்றால் நிறத்தையும் வடிவத்தையும் நகலெடுப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். நீர்வண்ணத்தில் நகலெடுக்க வேண்டியது வரிசையை. எது முதலில் பூசப்பட்டது, அது எவ்வளவு காய்ந்த பிறகு அடுத்தது வந்தது என்பதை. அதைப் படத்திலேயே படிக்கலாம். ஒரு விளிம்பு கத்தியால் வெட்டியதைப் போல் கூர்மையாக இருந்தால், பக்கத்து இடம் அப்போது உலர்ந்திருந்தது. விளிம்பு கரைந்து கலந்தால், இரண்டும் ஈரமாக இருந்தபோது சந்தித்தன. நிறம் தாளின் மேடுகளில் மட்டும் பட்டுக் குழிகள் வெள்ளையாக மின்னினால், பிரஷில் தண்ணீர் குறைவாக இருந்தது, கையும் வேகமாகப் போயிருக்கிறது. நான் கறுப்பு வெள்ளை அச்சின் மேல் ஒரு டிரேஸிங் தாளை வைத்து, கூர்மையான விளிம்புகளைச் சிவப்புப் பென்சிலாலும் கரைந்தவற்றை நீலப் பென்சிலாலும் குறித்தேன். இரண்டு மாலைகளில் முடிந்த வேலை. அதுவரை எத்தனையோ வாரம் அந்தப் படத்தைப் பார்த்தும் தெரியாதது அப்போது தெரிந்தது. பாயைச் சுற்றி எல்லாமே சிவப்பு, பாயின் நிழலுக்குள் பெரும்பாலும் நீலம். அதாவது நிழலை ஒரே ஈரத்தில், தயங்காமல், ஒரே அமர்வில் முடித்திருக்கிறார். கடலில் அடியில் ஒரு வெளிறிய வாஷ் முழுவதுமாக ஓடியிருக்கிறது. அது காய்ந்த பிறகு மேலே சற்று அடர்ந்த உடைந்த கோடுகள். கடைசியில் ஆங்காங்கே கருநீலம். மூன்றே கட்டங்கள். நானோ அதற்கு முன் ஒவ்வொரு அலையையும் தனித்தனியாகக் கலந்து கலந்து சேறாக்கிக்கொண்டிருந்தேன்.

கட்டங்கள் தெரிந்த பிறகு கேள்வி, ஒவ்வொன்றிலும் நிறம் எவ்வளவு நீர்த்திருக்க வேண்டும் என்பது. இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் முறை நீர்மோர், பால், தயிர். முதல் வாஷ் நீர்மோர் பதம். கிண்ணத்தைச் சாய்த்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். இரண்டாம் கட்டம் பால். படகின் உடலில் வரும் கடைசி இருள் தயிர். மேலே வருவது கீழே இருப்பதைவிடக் கெட்டியாக இருந்தால் சிக்கல் வராது. பாதி காய்ந்த வாஷின் மேல் அதைவிட நீர்த்த நிறம் பட்டால், தண்ணீர் ஏற்கெனவே அங்கிருந்த நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் பூப்போல விரிந்த கறையை உண்டாக்கும். இன்னொன்று, நீர்வண்ணம் காய்ந்ததும் வெளிறும். ஈரத்தில் சரியாகத் தெரிவது காய்ந்த பின் சோகையாகிவிடும். அதே தாளின் ஒரு கீற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கலந்த நிறத்தை அதில் தொட்டுக் காயவிட்டு, கறுப்பு வெள்ளை அச்சின் அடர்த்தியோடு ஒப்பிட்ட பிறகே பெரிய தாளில் பிரஷை வைக்கிறேன். பொறுமை போகும் வேலைதான். ஆனால் ஒரு நிமிடம் காத்திருந்தால் ஓர் அரை ஷீட் தப்பும்.

காய்வதைப் பற்றிக் குளிர்நாட்டுப் பாடங்களில் வரும் நேரக் கணக்குகளை நம் ஊரில் நம்ப வேண்டாம். ஐப்பசி மழையில் என் மேசையில் ஒரு வாஷ் காய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பளபளப்பு போய்விட்டதே என்று நம்பி அடுத்ததைப் பூசினால் அடியில் ஈரம் இருந்து எல்லாம் கலங்கிவிடும். விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், தோலின் எண்ணெய் தாளில் படியும். புறங்கையைத் தாளுக்கு மேல் படாமல் மிக அருகே கொண்டுபோங்கள். குளிர்ச்சி தட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. கோடையில் இதற்கு நேர்மாறு. மின்விசிறி சுழலும்போது பெரிய வாஷின் ஒரு முனை, மறுமுனையை எட்டுவதற்குள் காய்ந்து கோடு விழும். வாஷ் இழுக்கும் சில நிமிடங்கள் விசிறியை நிறுத்திவிட்டுத் தாளின் பின்புறத்தையும் ஈரமாக்கிக்கொண்டால் அவகாசம் கிடைக்கும். தாள் அலையலையாக நெளிவதைத் தடுக்க, முன்கூட்டியே தண்ணீரில் நனைத்துப் பலகையில் விரித்து, நனைத்தால் ஒட்டும் பழுப்புக் காகித டேப்பால் நான்கு ஓரமும் ஒட்டிக் காயவிடுங்கள். மழைக்காலத்தில் இதற்கு ஓர் இரவு முழுவதும் வேண்டும்.

வெண்மையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹோமர் தன் தொடக்க காலப் படங்களில் வெள்ளை வண்ணத்தையே நிறையப் பூசியவர். பின்னாளில் தாளின் வெண்மையை விட்டுவைப்பதிலும், காய்ந்த நிறத்தை நனைத்து ஒற்றி எடுப்பதிலும், கத்தியால் சுரண்டி மினுக்கம் கொண்டுவருவதிலும் தேர்ந்தார். நல்ல பசையுள்ள கெட்டியான தாளில் இவையெல்லாம் செய்யலாம். தண்ணீரின் மேல் வெயில் பட்டு மின்னும் ஒரு கீற்று வேண்டுமென்றால், படம் முழுக்கக் காய்ந்து அடுத்த நாள், புதிய பிளேடின் முனையைப் படுக்கவைத்து ஒரே இழுப்பாகச் சுரண்டுங்கள். அதன் மேல் மறுபடி நிறம் பூசக் கூடாது, தாள் அங்கே உறிஞ்சிவிடும். எனவே இது எப்போதும் கடைசி வேலை.

‘ஸ்லூப், நசாவ்’ முதல் நகலுக்கு ஏற்ற படமா என்று கேட்டால், இல்லை என்பேன். அதே கலைக்கூடத்தில் ‘ஃபிஷிங் போட்ஸ், கீ வெஸ்ட்’ என்று 1903-ஆம் ஆண்டுப் படம் ஒன்று உண்டு. அதில் பென்சில் கோடுகள் வெளிப்படையாகத் தெரிகின்றன, வாஷ்கள் குறைவு, தாள் நிறைய வெறுமையாகவே விடப்பட்டிருக்கிறது. பென்சில் எங்கே நிற்கிறது, வண்ணம் அந்தக் கோட்டை மதிக்காமல் எங்கே போகிறது என்று படிக்கத் தொடக்கநிலையாளருக்கு அதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. பென்சில் வேலையைச் சாதாரணத் தாளில் திருத்தி முடித்து, பிறகு நல்ல தாளுக்கு மாற்றுங்கள். நல்ல தாளின் மேல் ரப்பரால் தேய்த்தால் மேற்பரப்பு புண்ணாகி, வாஷ் ஓடும்போது தேய்த்த இடம் கறுத்துக் காட்டும்.

முழுப் படத்தை அரை ஷீட்டில் ஒருவழியாக முடித்தபோது, அது ஹோமருடையதைப் போல் இல்லை. ஆனால் பாயின் நிழல் மட்டும் ஒரே ஈரத்தில் விழுந்து, கலங்காமல், வெளிச்சம் ஊடுருவும்படி வந்திருந்தது. அந்த உள்ளங்கை அளவு இடத்தை நான் அன்று எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. நகலில் ஹோமரின் கையெழுத்தை நான் போடவில்லை, நீங்களும் போடாதீர்கள். படத்தின் பெயர், மூல ஆண்டு, “வின்ஸ்லோ ஹோமரின் படத்தைப் பார்த்துத் தீட்டியது” என்ற வரி, உங்கள் பெயர், தேதி ஆகியவற்றைத் தாளின் பின்புறம் பென்சிலால் எழுதிவையுங்கள். பயன்படுத்திய தாளையும் நிறமிக் குறியீடுகளையும் அங்கேயே குறித்துக்கொண்டால், அடுத்த முறை எது வேலை செய்தது என்று தேட வேண்டியிருக்காது.